இரண்டு கண்ணாடிப் பெட்டிகளுக்கு ஒரு பெயர்

“…ஒண்டும் வராட்டி என்ர மகன்ரயை எடு, கூக்லா. ரெண்டு பேருக்கும் ஒரே பேர் இருக்கட்டும். வாறவன் எந்தப் பெட்டிக்கு வந்தனான் எண்டு தெரியாமல் குழம்பி நிக்கட்டும்.”

குறைமாதப் பிள்ளைகளின் வாட்டில், பக்கத்துப் பெட்டிக்கார அக்கா இதைச் சொன்னபோது என் மகனின் வயிறு ஊதிப் பளபளத்துக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோவதற்காகத் தாதிகள் அவனுடைய குழாய்களை ஒவ்வொன்றாக வேறு இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பெயர் இல்லை. வைக்கமாட்டேன் என்று நின்றது நான்தான்.

அக்கா இதைச் சொன்னது ஆங்கிலத்தில். மெல்பேர்னில் பிறந்து வளர்ந்த கிரேக்கப் பெண் என்னோடு வேறு எதில் கதைப்பார்? ஆனால் என் ஞாபகத்தில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். நான் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பிடித்தவள் இல்லை. கோழி வெட்டும் ஆலையிலும் ரயிலிலும் ஆட்களுடைய வாயைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். யார் எதைச் சொன்னாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினி அடுப்படியில் நின்று ஒருமுறை என்னுடைய தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எனக்குள் தங்கும். ஆகவே அவரையும் எனக்குள் தங்கியபடியே எழுதுகிறேன். ‘கூக்லா’ மட்டும் அவருடைய சொந்தச் சொல். பொம்மை என்று அர்த்தமாம். இருபது வயதுப் பெண்ணையும் எழுபது வயதுப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மகன் அவசரக்காரன். மார்கழியில் வரவேண்டியவன் புரட்டாதியிலேயே வந்துவிட்டான். என் கணவர் ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவருடைய வேலைக் கையுறை ஒன்றுக்குள் மகன் முழுதாக அடங்கியிருப்பான். தோல் எவ்வளவு மெல்லியது என்றால், உள்ளே ஓடுவதெல்லாம் தெரிந்தது. நான் அவனைப் பார்ப்பதைவிட அவனுக்கு மேலே இருந்த திரையைத்தான் அதிகம் பார்த்தேன். பச்சைக் கோடு, நீலக் கோடு. நீலக் கோடு இறங்கினால் மணி அடிக்கும். அந்த மணிச் சத்தத்துக்கு என் கை கால் எல்லாம் பழகிவிட்டன. வீட்டில் மைக்ரோவேவ் முடிந்து சத்தம் போட்டாலும் எழும்பி நிற்பேன்.

ஏன் பெயர் வைக்கவில்லை என்று சொல்லவேண்டும். இவனுக்கு முன்னால் ஒருத்தி என் வயிற்றில் இருந்தாள். பெண்பிள்ளை என்று ஸ்கானில் தெரிந்த அன்றைக்கே பெயர் வைத்துவிட்டேன். வெங்காயம் வெட்டும்போது, உடுப்பு மடிக்கும்போது, பஸ்சுக்கு நிற்கும்போது எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அவளோடு கதைப்பேன். பிறகு ஒரு நாள் வயிற்றில் அசைவு நின்றது. டொக்டர் ஒரு காரணம் சொன்னார். என் தலை அதை விளங்கிக்கொண்டது. வயிறு வேறொன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தது: பெயர் என்பது விலாசம், அதைச் சத்தமாகச் சொன்னால் தேவையில்லாதவர்களுக்கும் கேட்டுவிடும்.

பெயர் இல்லாமல் ஒரு ஆள் இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். படகில் வந்து முகாமில் இருந்த காலத்தில் என்னை ஒரு எழுத்தும் எண்ணும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். நானும் “ஓம்” என்று எழும்பிப் போய்ச் சோறு வாங்கினேன். செத்துப்போகவில்லை. மகனுடைய பெட்டியின் தலைமாட்டில் ஒரு அட்டை இருந்தது. ‘இன்னாரின் குழந்தை’ என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்கள். அது எனக்கு நிம்மதி. வருகிறவன் வாசித்தால் என் பெயரைத்தான் வாசிப்பான். வாசித்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, கணவரின் தாய், தொலைபேசியில் வந்தார். நட்சத்திரத்துக்கு உரிய முதல் எழுத்துகளைச் சாத்திரியாரிடம் கேட்டு அனுப்பியிருந்தார். கூடவே பிள்ளை பெற்ற தீட்டைப் பற்றி ஒரு கட்டளையும் வந்தது: “முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிச்சுத்தான் பேர். அதுக்கு முதல் வாய் திறக்கப்படாது.” வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மாமி சொன்னதற்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. சிட்னியில் ஹோம்புஷில் இருக்கிற கணவரின் தம்பி, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்க் கியூவில் நின்றபடியே அழைத்தார்.

“அண்ணி, அர்ச்சனைக்கு ஐயர் பேர் நட்சத்திரம் கேக்கிறார். நட்சத்திரம் சொல்லிப்போட்டன். பேருக்கு என்ன சொல்ல?”

“என்ர பேரைச் சொல்லுங்கோ.”

“உங்களுக்கோ பிள்ளைக்கோ அர்ச்சனை?”

“முருகனுக்குத் தெரியும். பின்னால நிக்கிறவை பேசப் போகினம், கெதியாச் சொல்லுங்கோ.”

பக்கத்துப் பெட்டியிலும் ஒரு ஆண் குழந்தை. என் மகனைவிடக் கொஞ்சம் தடித்தவன், கொஞ்சம் கோபக்காரன். தாய்க்கு நாற்பது தாண்டியிருக்கும். எங்கள் இரண்டு பேருடைய கதிரைகளும் முதுகோடு முதுகு முட்டிக்கொண்டிருந்தன. பால் எடுக்கும் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு இரண்டு பசுக்களைப்போல இருப்போம். முதல் நாள் நான் கேட்டேன்:

“அக்கா, மகனுக்கு என்ன பேர்?”

“இப்போதைக்குக் குழந்தைப்பிள்ளை. வேற பேர் இல்லை.”

ஞானஸ்நானம் வரைக்கும் அவர்களும் பெயர் சொல்லமாட்டார்களாம். தாய்க்குத் தெரிந்திருக்கும், தகப்பனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தண்ணீரில் முக்கி எடுக்கும்போதுதான் அது வெளியே வரவேண்டும். அதுவரை குழந்தைப்பிள்ளை, குழந்தைப்பிள்ளை என்றே எல்லோரும் கூப்பிடுவார்களாம். இப்போது பாதிப் பேர் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்றார். “நான் விடேல்லை. எனக்குப் பயம்.”

அந்த ஒரு சொல்லில் நாங்கள் சினேகிதிகள் ஆனோம்.

அதற்குப் பிறகு பெயர்தான் எங்கள் பொழுதுபோக்கு. எங்கள் பிள்ளைகளுடையதைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாப் பெயரையும் பற்றிக் கதைத்தோம். ஆலையில் என்னோடு வேலை செய்த கிரேக்க ஆட்களுடைய பெயர்களை நான் ஒவ்வொன்றாக எடுத்து விடுவேன், அவர் உடைத்து உள்ளே இருப்பதைக் காட்டுவார்.

“யோர்கோஸ்?”

“கமக்காரன். மண்ணைக் கிண்டுறவன்.”

“அவ்வளவுதானோ? அந்த ஆள் என்ன எடுப்பு எடுப்பார் தெரியுமே!”

“எத்தினை ராசாமார் வச்சிருந்த பேர். முடியைக் கழட்டினா எல்லாரும் கமக்காரர்தான், கூக்லா.”

ஸோயி என்றால் உயிர். இரீனி என்றால் சமாதானம். ஃபோட்டினி என்றால் வெளிச்சமானவள். தியோடோரோஸ் என்றால் கடவுள் தந்த கொடை. அதே இரண்டு துண்டையும் முன்பின்னாக மாற்றிப் போட்டால் டொரோதியா, அது பெண்பிள்ளைக்கு. “ஒரு துணியில ரெண்டு சட்டை,” என்றார். டிமித்ரி என்பது தானியத்துக்கு இருந்த ஒரு பழைய அம்மனுடைய பிள்ளையாம். பிறகு அதே பெயரில் ஒரு புனிதர் வந்துவிட்டார், சனம் அம்மனை மறந்துவிட்டது.

“எங்கட அம்மன் எண்டா சும்மா விடமாட்டா,” என்றேன்.

“எங்கடயும் சும்மா விடேல்லை. பேருக்குள்ள போய் ஒளிச்சிருக்கிறா.”

அனஸ்தாசியா என்றால் திரும்ப எழும்பினவள் என்று அவர் சொன்ன நாளில் நான் பால் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் மகளுக்கு நான் வைத்த பெயரை அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு இயந்திரத்தின் விசையைக் கொஞ்சம் குறைத்துவிட்டார், சத்தம் குறையட்டும் என்று.

அவருடைய மாமனார் நாள்தோறும் பின்னேரம் வருவார். பெரிய மீசை, மஞ்சள் மணிகள் கோத்த ஒரு சின்னச் சரடு. அதை விரலில் உருட்டிக்கொண்டு கதிரையில் இருப்பார். மணி மணியோடு மோதினால் தாதி பார்ப்பாள் என்று சத்தமில்லாமல் உருட்டப் பழகியிருந்தார். ஒரு நாள் பேரனைக் காட்டி என்னிடம் சொன்னார்: “என்ர பேர்.” மூத்த மகனுடைய மூத்த பையனுக்குத் தகப்பன்வழிப் பாட்டனாரின் பெயர், அது அவர்களிடம் எழுதாத சட்டம். நான், “நல்லது அங்கிள்,” என்றேன். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அவர் போன பிறகு கேட்டேன்: “அங்கிளின்ர பேருக்கு என்ன அர்த்தம்?”

“சாவில்லாதவன்.”

“நல்ல பேர்தானே அக்கா?”

முதுகோடு முதுகு முட்டிக்கொண்டிருந்ததால் அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. கதிரை அசைவது மட்டும் தெரிந்தது. அப்படியே இருந்துகொண்டு சொன்னார்: இவனுக்கு முன்னால் அவருக்கும் ஒரு பையன் பிறந்திருந்தான், இதே மாதிரி அவசரப்பட்டு. பாதிரியார் வந்து சேர நேரமில்லை. அப்படியான வேளையில் தண்ணீரும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம் என்று அவர்களிடம் ஒரு வழி இருக்கிறதாம். பெற்றவளே பிள்ளையைக் கையில் ஏந்தி மூன்றுமுறை மேலே தூக்கிப் பெயரைச் சொன்னால் காற்றே தண்ணீராகிவிடும்.

“சாவில்லாதவன் எண்டு சொல்லித்தான் தூக்கினன், கூக்லா. மூண்டாம்முறை இறக்கேக்க…”

போத்தலுக்குள் பால் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், அந்தப் பெயரை இவனுக்கு வைக்கமாட்டாராம். மாமனாருக்கு இன்னும் தெரியாது. மனதுக்குள் வேறொரு பெயர் வைத்திருந்தார். பிள்ளைகள் தங்காத வீட்டில் வைக்கிற பெயர், கைக்குழந்தைகளைக் காக்கிற ஒரு புனிதருடைய பெயர். அதை என் காதுக்குள், தாதிக்கும் கேட்காமல், பிள்ளைகளுக்கும் கேட்காமல் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. அர்த்தத்தை எழுதலாம் என்று நினைக்கிறேன்: தூண். விழாமல் நிற்கிறது.

கைம்மாறாக நானும் ஒன்று சொன்னேன். பிள்ளை தங்காவிட்டால் எங்கள் ஊரில் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியிடம் விற்றுவிட்டுத் திருப்பி வாங்குவார்கள். வாங்கிய பிறகு அது சாமியின் பிள்ளை, நாங்கள் வளர்க்கிறோம், அவ்வளவுதான். கெட்டது தேடி வந்தால் ஆள் மாறிப்போச்சு என்று திரும்பிப் போய்விடும்.

அக்கா மூக்கால் சிரித்தார். “கடவுள் அவ்வளவு மலிவாத் திருப்பித் தாறாரோ?”

“சில்லறைக்குத் தருவார். எங்கட கடவுளுக்கு வியாபாரம் தெரியாது.”

“கெட்டதுக்கும் கண் தெரியாது போல. வாசல்ல ஆளை மாத்தினா விளங்காதாமோ?” சிரித்துச் சிரித்து வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அதை அவர் மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பயந்தவர்கள் செய்கிற எல்லாக் கூத்தும் செய்தோம். கண்ணூறு படக்கூடாது என்று அவர் மகனைப் பார்த்து மூன்றுதரம் துப்புகிற மாதிரிச் செய்வார், ஃப்து, ஃப்து, ஃப்து. வாய்க்கவசத்துக்குள்ளேயே துப்ப வேண்டியிருந்தது. பிள்ளையின் தோலில் எதுவும் பூசக்கூடாது என்று தாதி சொன்னதால், நான் கண்ணாடிப் பெட்டியின் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்தேன். காலையில் துடைக்க வருகிற பெண் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டுப் போவாள். நான் திரும்ப வைப்பேன். ஒரு நாள் இரண்டு பெட்டியிலும் பொட்டு இருந்தது. நான் வைத்தது ஒன்றுதான்.

அந்த மதியம் மகன் பால் எடுக்கவில்லை. வயிறு கொஞ்சம் பெருத்திருப்பதாகத் தாதி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் டொக்டர் வந்தார், பிறகு இன்னொருவர், பிறகு படம் எடுக்கிற இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஒருவர். வயிற்றின் நிறம் மாறத் தொடங்கியது. கத்தரிக்காயைப்போல ஒரு நீலம். குடல் பழுதாகிறது, திறந்து பார்க்கவேண்டும், காத்திருக்க நேரமில்லை என்று சத்திரசிகிச்சை டொக்டர் குந்தியிருந்து, என் கண் மட்டத்துக்கு வந்து சொன்னார். டொக்டர்மார் நின்றுகொண்டு சொல்வதற்குப் பயப்படத் தேவையில்லை. குந்தியிருந்து சொன்னால் பயப்படவேண்டும்.

கணவருக்கு அழைத்தேன். பாலத்தில் வாகன நெரிசலுக்குள் நின்றார். “வாறன், வாறன், வந்துகொண்டிருக்கிறன்,” என்பதைத் தவிர வேறு சொல் அவருக்கு வரவில்லை.

அப்போதுதான் தாதி என் தோளில் கை வைத்தாள். நல்ல பிள்ளை அவள். போகிறதுக்கு முதல் மகனுக்கு ஒரு பெயர் வைக்க விருப்பமா, சில பெற்றோருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றாள். குரலை ஒரு படி தாழ்த்தித்தான் கேட்டாள். ஏன் தாழ்த்தினாள் என்று எனக்கு விளங்கியது.

பெயர் வைத்தால் விலாசம் சொன்னவள் ஆவேன். வைக்காமல் விட்டு, அவன் அந்தக் கதவுக்கு அப்பால் போய்விட்டால், பிறகு நான் எதைச் சொல்லி அழுவது? ‘இன்னாரின் குழந்தை’ என்றா? முகாமில் எண்ணைச் சொன்னபோது எழும்பிப் போனேன் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? அங்கே ஒவ்வொரு நாளும் என் பெயரை எனக்கு நானே சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன் என்பதையும் எழுதவேண்டும். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. இவனுக்கு அதுவும் இல்லை. மாமி அனுப்பிய எழுத்துகளை நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. எந்தப் பெயரைத் தேடினாலும் மகளுடைய பெயர்தான் முன்னால் வந்து நின்றது.

“சொல்லு, கூக்லா,” என்றார் அக்கா. “மாமி சொன்ன எழுத்தில ஒண்டு, உன்ர மனுசனுக்குப் பிடிச்சது, உன்ர முருகன்ர பேர், எதெண்டாலும். ஒண்டும் வராட்டி என்ர மகன்ரயை எடு. ரெண்டு பேருக்கும் ஒரே பேர் இருக்கட்டும்…”

நான் தலையை ஆட்டினேன். “வேண்டாம் அக்கா. இவனுக்கு ஏதும் நடந்தா அந்தப் பேரும் போயிடும். உங்களுக்கு இன்னொருக்கா…”

“தெரியும்.”

அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார். அன்றைக்கு நேரத்தோடு வந்திருந்த அக்காவின் மாமனார் கதிரையில் இருந்தார். அவர் கையில் மணிகள் நின்றுவிட்டன. என்ன பெயர், யாருடைய மகனுடையது, தன் பெயருக்கு என்ன நடந்தது என்று அவர் மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசிக்கிறவர்களை நான் இந்த இடத்தில் நிறுத்தி வைக்க விரும்பவில்லை. நான் நின்ற நிலை எனக்குத் தெரியும். ஆகவே பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மகன் திரும்பி வந்தான். அவன் வயிற்றில் ஒரு தழும்பு இருக்கிறது, அவன் அதைத் தன்னுடைய ஸிப் என்று சொல்கிறான். முப்பத்தோராம் நாள் அவன் பெட்டிக்குள்தான் இருந்தான். கணவர் வட்டக் கதவால் தலையைச் சரித்து நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரைச் சொன்னார். அதற்குப் பின்னால் அக்கா தந்த மற்றப் பெயரும் இருக்கிறது. இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை முதல்முறையாக அதை முழுதாக, உரக்க வாசித்தபோது வாசலில் நின்ற நான் யாருக்கெல்லாம் கேட்டது என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டில் நாங்கள் அதைச் சொல்வதில்லை. காய்ச்சல் வந்தால் மட்டும் அந்தப் பெயரால் கூப்பிடுவேன்.

அக்காவின் மகனும் நன்றாக இருக்கிறான், இன்னும் கோபக்காரன். அங்கிள் கொஞ்ச நாள் மருமகளோடு கதைக்கவில்லை. ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் என் கணவருடைய கையைப் பிடித்துக்கொண்டு முறைப்பாடு சொன்னார்: “ரெண்டு பெடியங்கள், ரெண்டு பேரும் சேர்ந்து என்ர பேரை வைக்காமல் விட்டிட்டாங்கள்.” அவருடைய மீசை ஆடியது, அது சிரிப்பா அழுகையா என்று கணவருக்குத் தெரியவில்லையாம்.

ஆனால் அந்த மதியத்தில் இதில் ஒன்றுமே எங்களுக்குத் தெரியாது. தாதி பதிலுக்காக நின்றாள். தள்ளுவண்டியின் சில்லுப் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். ஒரு மணி அடிக்கத் தொடங்கியது, அது யாருடைய பெட்டி என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். என்னுடையதுதான்.

அக்கா தையலில் ஒரு கையை வைத்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பினார். மாமனாருடைய பக்கம் திரும்பவில்லை. மூன்றுதரம் துப்பவும் இல்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டார். என் மகனுடைய பெட்டியின் வட்டக் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, அவனுடைய உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்கு முன்னால் யாருக்கும் கேட்கக்கூடாத அந்தப் பெயரால், இரண்டு பெட்டிகளுக்கும் கேட்கும்படியாக, உரத்துக் கூப்பிட்டார்.